கலியாணக் கார்டும் ஜனாஸா அறிவித்தலும்: டெம்ப்ளேட்டின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் கட்டாரில் இருக்கும் எங்களூர் ராத்தா ஒருவர் வட்ஸ்அப்பில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். "சேர், எங்கட மூத்தம்மா மௌத்தான திகதி சரியாத் தெரியணும். மரணச் சான்றிதழ்ட கொப்பி எடுக்கப் போனா திகதி கேக்கிறாங்க. ஊர்க் குறூப்பில ஜனாஸா அறிவித்தல் போட்ட ஞாபகம். ஒருக்காத் தேடிப் பாருங்களன்."

தேடினேன். மூத்தம்மாவின் பெயரை அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வாப்பாவின் பெயரை அடித்தேன், வீதியின் பெயரை அடித்தேன். எதுவும் வரவில்லை. காரணம் பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் பல வருடங்களாக ஜனாஸா அறிவித்தல்கள் எல்லாம் படமாகத்தான் வருகின்றன. பச்சைக் கரை, மேலே பள்ளிவாசலின் படம், நடுவில் பெயர். பார்க்க வடிவாக இருக்கிறது. ஆனால் தேடுகிற இயந்திரத்துக்கு அது எழுத்தல்ல, வெறும் நிறப்புள்ளிகள். இரண்டு இரவுகள் கட்டைவிரலால் தள்ளித் தள்ளித்தான் அந்த அறிவித்தலைக் கண்டுபிடித்தேன்.

அந்த இரண்டு இரவும் ஒரே விசயம்தான் மண்டைக்குள் ஓடியது. எழுத்தையும் அதைச் சுற்றியிருக்கும் சட்டகத்தையும் பிரித்து வைப்பதற்கு உலகத்தில் எத்தனையோ பேர் இருபது வருடத்துக்கும் மேல் பாடுபட்டிருக்கிறார்கள். நாமோ இரண்டையும் திரும்பவும் ஒன்றாக ஒட்டிவைத்துவிட்டு, தேட முடியவில்லையே என்று கவலைப்படுகிறோம். அந்தப் பாட்டின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். அதன் பெயர் டெம்ப்ளேட். தமிழில் வார்ப்புரு என்பார்கள். நான் சட்டகம் என்றும் சொல்வேன்.

கணினி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். நம்மூர்க் கலியாணக் கார்டில் இருந்து தொடங்குவோம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டவுனில் ஒரு அச்சகத்துக்கு வாப்பாவுடன் போயிருக்கிறேன். அங்கே கலியாணக் கார்டுக்கு ஒரு சட்டகம் தயாராக இருக்கும். மேலே பிறை, சுற்றிவரப் பூக்கொடி, "அன்புடன் அழைக்கின்றோம்" என்ற வரி. இவை மாறாது. மணமகன் பெயர், மணமகள் பெயர், திகதி, இடம் ஆகிய நாலு மட்டும்தான் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு சட்டகத்தில் ஊரில் பாதிப் பேருக்குக் கார்டு அடித்திருப்பார்கள். மாறாதது சட்டகம், மாறுவது எழுத்து. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் விளங்கும்.

தொண்ணூறுகளில் இணையத்தளம் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் இருக்கவில்லை. 1994 இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற இடங்களில் மக்கள் இலவசமாகப் பக்கங்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் எச்.டி.எம்.எல். என்ற குறிமொழியில் தனித்தனியாக எழுத வேண்டும். தலைப்பு, நிறம், பட்டியல், கட்டுரை எல்லாம் ஒரே கோப்பில் குழைந்து கிடக்கும். முப்பது பக்கம் உள்ள ஒருவருக்குப் பட்டியலில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால் முப்பது கோப்பையும் திறந்து திருத்த வேண்டும். ஒவ்வொரு கலியாணத்துக்கும் பிறையையும் பூக்கொடியையும் புதிதாகக் கீறுவது போல.

பின்னாளில் ஜியோசிட்டீஸை வாங்கிய யாஹூ, 2009 ஒக்டோபரில் அதை மூடியது. தங்கள் பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைக்காதவர்கள் எழுத்தையும் சட்டகத்தையும் சேர்த்தே இழந்தார்கள். சிலவற்றை மட்டும் இணையக் காப்பகத் தன்னார்வலர்கள் காப்பாற்றினார்கள்.

முதல் பிரிப்பு நிறத்திலும் வடிவத்திலும் நடந்தது. 1994 ஒக்டோபரில் நோர்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ ஒரு யோசனையை வெளியிட்டார். எழுத்து ஒரு கோப்பில் இருக்கட்டும், அது எப்படித் தெரிய வேண்டும் என்ற கட்டளை வேறொரு கோப்பில் இருக்கட்டும் என்பதே அந்த யோசனை. 1996 டிசம்பரில் அது சி.எஸ்.எஸ். என்ற பெயரில் அதிகாரபூர்வப் பரிந்துரையானது. ஆனாலும் பல வருடங்கள் அதைப் பெரிதாக யாரும் நம்பவில்லை. 2003 மே மாதத்தில் டேவ் ஷே என்ற கனேடிய வடிவமைப்பாளர் சி.எஸ்.எஸ். சென் கார்டன் என்ற தளத்தைத் திறந்தார். எழுத்து ஒன்றுதான், ஒரு சொல் கூட மாறாது. சி.எஸ்.எஸ். கோப்பை மாற்றினால் மட்டும் ஒரு தடவை தோட்டம் போல, இன்னொரு தடவை சுவரொட்டி போல அந்தப் பக்கம் தெரியும். பார்த்தவர்களுக்கு அப்போதுதான் சட்டகம் வேறு, எழுத்து வேறு என்பது கண்ணால் விளங்கியது.

இரண்டாவது பிரிப்பு வலைப்பதிவோடு வந்தது.

1999 ஓகஸ்ட்டில் பைரா லேப்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் பிளொக்கரை வெளியிட்டது. இவான் வில்லியம்ஸும் மெக் ஹூரிஹானும் ஆரம்பித்த நிறுவனம் அது. பிளொக்கரில் ஒரு டெம்ப்ளேட் கோப்பு இருக்கும். அதில் "பதிவின் தலைப்பு இங்கே", "பதிவின் உடல் இங்கே", "திகதி இங்கே" என்று சில அடையாளக் குறிகள் இருக்கும். நீங்கள் ஒரு பெட்டியில் எழுதி அனுப்பினால், பிளொக்கர் அந்தக் குறிகள் இருக்கும் இடங்களில் உங்கள் எழுத்தை நிரப்பிப் பக்கத்தைச் செய்து கொடுக்கும். அப்படியே நம்ம கலியாணக் கார்டுதான். ஒரு சின்னத் தொல்லை இருந்தது. சட்டகத்தில் ஒரு கோட்டை மாற்றினாலும் முழு வலைப்பதிவையும் மறுபடி பதிப்பிக்க வேண்டும். பதிவு கூடக்கூட அந்தக் காத்திருப்பும் நீளும்.

2003 பெப்ரவரியில் கூகுள் பிளொக்கரை வாங்கியது. 2004 மே மாதத்தில் புதிய டெம்ப்ளேட்டுகளோடு பிளொக்கர் புதுப்பிக்கப்பட்டது. டக்ளஸ் போமன், டான் சீடர்ஹோம், மேலே சொன்ன டேவ் ஷே ஆகியோர் அவற்றை வடிவமைத்தவர்களில் சிலர். போமனின் மினிமா என்ற வெள்ளைச் சட்டகத்தைப் பழைய தமிழ் வலைப்பதிவுகளை வாசித்தவர்கள் பார்த்தவுடனே அடையாளம் காண்பார்கள்.

தமிழுக்கும் டெம்ப்ளேட்டுக்கும் உள்ள தொடர்பை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பல வீடுகளில் விண்டோஸ் 98 கணினிதான். யுனிகோட் தமிழை அது ஒழுங்காகக் காட்டாது. வாசகரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் பெட்டி பெட்டியாகத் தெரியும். தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி என்ற மனிதர் தேனீ என்ற பெயரில் எழுத்துருக்களைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அவற்றில் இயங்கு எழுத்துரு என்ற வகையும் இருந்தது. வலைப்பதிவர் தன் டெம்ப்ளேட்டின் தலைப்பகுதியில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் பக்கத்தைத் திறக்கும் வாசகருக்கு எழுத்துருவும் தானாகவே இறங்கிவரும். வாசகர் எதையும் நிறுவத் தேவையில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சில வரிகளை டெம்ப்ளேட்டில் சேர்க்க உரிமை இல்லாமல் இருந்திருந்தால், வாசகரில் ஒரு பகுதியினருக்குத் தமிழ் வெறும் பெட்டிகளாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். உமர்தம்பி 2006 ஜூலையில் வபாத்தானார். அல்லாஹ் அவருடைய சேவையைப் பொருந்திக்கொள்வானாக. நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய பெயர் அது.

2004 இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கினார். உலகெங்கும் இருக்கும் தமிழ்ப் பதிவுகளை அது ஓரிடத்தில் காட்டியது. அதன் கருவிப்பட்டை நம் பதிவில் தெரிய வேண்டுமென்றால், டெம்ப்ளேட்டைத் திறந்து சரியான இடத்தில் நிரல் வரிகளை ஒட்ட வேண்டும். கணினி படிக்காத எத்தனையோ பேர், இலக்கியம் எழுத வந்தவர்கள், சமையல் குறிப்பு எழுத வந்தவர்கள், முதன்முதலாக ஒரு டெம்ப்ளேட்டின் உள்ளே தலையை விட்டுப் பார்த்தது அப்படித்தான். ஒரு இடத்தில் பிழை விட்டால் முழுப் பக்கமும் குலைந்துவிடும். ஆகவே முதலில் பழைய டெம்ப்ளேட்டைப் பிரதி எடுத்து வைக்கும் பழக்கமும் கூடவே வந்தது. நல்ல பழக்கம். அதைப் பற்றிப் பிறகு என் கதையொன்று இருக்கிறது.

இனி வேர்ட்பிரஸ்ஸுக்கு வருவோம். இன்று உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன.

அதன் மூதாதை பீ2 என்ற மென்பொருள். 2001 இல் மிஷேல் வால்ட்ரிகி என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். யாராவது பக்கத்தைக் கேட்டால் அந்த நேரத்தில் சட்டகத்துக்குள் எழுத்தை நிரப்பிக் கொடுக்கும். ஆகவே பிளொக்கர் போல எல்லாவற்றையும் மறுபடி பதிப்பிக்கத் தேவையில்லை. கொஞ்ச நாளில் அவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். 2003 ஜனவரியில் மெட் முல்லன்வெக் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர், இந்த மென்பொருளை யாராவது முன்னெடுக்க வேண்டும் என்று எழுதினார். இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டில் கைகொடுக்க முன்வந்தார். 2003 மே 27 இல் வேர்ட்பிரஸ்ஸின் முதல் பதிப்பு வந்தது. பீ2 திறந்த உரிமத்தில் இருந்ததால்தான் யாரிடமும் அனுமதி கேட்காமல் இதைச் செய்ய முடிந்தது.

அந்தக் காலத்தில் போட்டியாளர் மூவபிள் டைப். பென் ட்ரொட், மேனா ட்ரொட் என்ற கணவன் மனைவி 2001 இல் செய்தது. அதன் டெம்ப்ளேட் முறை நல்லது, பலருக்குப் பிடித்திருந்தது. 2004 மே மாதத்தில் 3.0 பதிப்போடு உரிம விதிகளை மாற்றினார்கள். இலவசப் பதிப்பில் எத்தனை பேர் எழுதலாம், எத்தனை வலைப்பதிவு வைக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. கோபப்பட்ட பலர் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினார்கள். அவர்களால் மாற முடிந்ததற்குக் காரணம் எழுத்து தனியாக இருந்ததுதான். எழுத்தை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொண்டு, பழைய சட்டகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். வாடகை வீட்டை விட்டுப் போகும்போது சாமானை எடுத்துக்கொண்டு போவோமே, அது போல.

2005 பெப்ரவரியில் வேர்ட்பிரஸ் 1.5 வந்தது. தீம் என்று இன்று நாம் சொல்லும் முறை அதில்தான் பிறந்தது. அதற்கு முன் சட்டகத்தை மாற்ற வேண்டுமென்றால் மென்பொருளின் முதன்மைக் கோப்பில் கைவைக்க வேண்டும். 1.5 இல் சட்டகம் தனிக் கோப்புறைக்கு மாறியது. ஒரு தீம் ஆவதற்கு இரண்டு கோப்பு போதும். ஒன்று வடிவம், மற்றது அடிப்படைச் சட்டகம். விரும்பினால் மேலும் சேர்க்கலாம். தனிப் பதிவுக்கு ஒரு சட்டகம், மாத வாரித் தொகுப்புக்கு ஒன்று, "நீங்கள் தேடிய பக்கம் இல்லை" என்று சொல்ல ஒன்று. எந்தச் சட்டகம் இருக்கிறது என்று வேர்ட்பிரஸ் ஒழுங்கு முறையில் தேடிப் பார்க்கும். குறிப்பானது இருந்தால் அதை எடுக்கும், இல்லாவிட்டால் பொதுவானதுக்கு இறங்கும். டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கல் ஹைல்மன் செய்த கியூப்ரிக் என்ற நீலத் தலைப்புத் தீம், 2010 வரை ஐந்து வருடங்கள் இயல்பான தீமாக இருந்தது.

இந்த 1.5 பதிப்பில்தான் இன்னொரு சின்ன வசதியும் வந்தது. என் பார்வையில் இந்தக் கதையிலேயே அழகான பகுதி அதுதான். ஒரு தீமின் கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றை வைத்து, அதன் தலையில் ஒரு குறிப்பு வரியாக "டெம்ப்ளேட் நேம்" என்று போட்டு, விரும்பிய பெயரை எழுதினால் போதும். "பள்ளிக்கூட வரலாறு" என்று தமிழில் கூட எழுதலாம். பிறகு நீங்கள் ஒரு பக்கத்தை எழுதும்போது ஓரத்தில் இருக்கும் பட்டியலில் அந்தப் பெயர் வந்து நிற்கும். தெரிவு செய்தால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அந்தச் சட்டகம். இதுதான் நமக்கென்று செய்துகொள்ளும் தனி டெம்ப்ளேட். முதலில் இது நிலையான பக்கங்களுக்கு மட்டும் இருந்தது. 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பில் இருந்து சாதாரண பதிவுகளுக்கும் மற்ற வகைகளுக்கும் கிடைத்தது.

இனி என் கதை.

கல்வியியற் கல்லூரியில் பயிலுனராக இருந்த நாட்களில்தான் நான் பிளொக்கர் டெம்ப்ளேட்டை நோண்டப் பழகினேன். முதல் நியமனம் கிடைத்த பாடசாலையில் அதிபர் ஒரு இணையத்தளம் கேட்டார். வேர்ட்பிரஸ்ஸில் செய்தேன். பழைய அதிபர்கள், ஆசிரியர்கள், சாதாரண தரப் பெறுபேறுகள் எல்லாவற்றுக்கும் தனிப் பக்கம். வயதான வாத்தியார்மாரின் வீடுகளுக்குப் போய், அவர்கள் சொன்னதைக் கொப்பியில் எழுதி வந்து ஏற்றினேன். "முன்னோர் பக்கம்" என்று ஒரு தனி டெம்ப்ளேட் செய்தேன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் சேவைக் காலம், கீழே வாழ்க்கைக் குறிப்பு. தீமின் கோப்புறைக்குள்ளேயே நேராகக் கோப்பை வைத்தேன். இருந்த கோப்புகள் சிலவற்றையும் திருத்தினேன். பிரதி எடுக்கவில்லை.

ஒரு நோன்பு விடுமுறையில் தளத்துக்குள் நுழைந்தேன். "தீமுக்குப் புதிய பதிப்பு வந்துள்ளது" என்று மஞ்சள் பட்டை நின்றது. அமத்தினேன். அரை நிமிடத்தில் பல மாத வேலை போய்விட்டது. புதிய பதிப்பு பழைய கோப்புறையை அழித்துவிட்டுத் தன்னை வைத்துக்கொண்டது. தவறு முழுக்க என்னுடையதுதான். அன்றிரவு எனக்கு நோன்பு திறந்த சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாத்தியார்மாரில் இருவர் அப்போது மௌத்தாகிவிட்டார்கள். திரும்பப் போய்க் கேட்க ஆள் இல்லை.

பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஒரு எழுத்தும் போகவில்லை. அவர்கள் சொன்ன ஒவ்வொரு வரியும் தரவுத்தளத்தில் அப்படியே இருந்தது. போனது சட்டகம் மட்டும். பக்கங்கள் கோணல் மாணலாகத் தெரிந்தன, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் சட்டகத்தைத் திரும்பக் கட்டினேன். அந்த எழுத்தை நான் சட்டகத்துக்குள்ளேயே எழுதியிருந்தால்? அல்லது அழகாகப் படம் செய்து அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்திருந்தால்? என்னிடம் வேறு பிரதியும் இல்லை. நினைக்கவே பயமாக இருக்கிறது.

என் பிழைக்கான மருந்தை வேர்ட்பிரஸ்காரர்கள் முன்னரே கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பெயர் பிள்ளைத் தீம். தனியாக ஒரு சின்னக் கோப்புறை செய்து, "என் தாய்த் தீம் இன்னது" என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நாம் மாற்றும் கோப்புகளை மட்டும் அதில் வைக்க வேண்டும். 2008 டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில் இருந்து, வேர்ட்பிரஸ் ஒவ்வொரு சட்டகத்தையும் முதலில் பிள்ளையிடம் தேடும், இல்லாவிட்டால்தான் தாயிடம் போகும். தாய்த் தீம் எத்தனை தடவை புதுப்பிக்கப்பட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நான் அதைப் படிக்காமல் வேலையில் இறங்கினேன். பாடப் புத்தகத்தின் முன்னுரையை வாசிக்காத மாணவனைப் போல.

பிளொக்கரிலும் மாற்றம் நடந்தது. 2006 இல் புதிய டெம்ப்ளேட் முறை வந்தது. பக்கத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிகளுக்குள் கருவிகளை இழுத்து வைக்கலாம். நிரல் தெரியாதவர்களும் ஓரப்பட்டையை இடம் மாற்றினார்கள். 2010 இல் டெம்ப்ளேட் டிசைனர் வந்தது, நிறத்தையும் அகலத்தையும் கண்ணால் பார்த்துக்கொண்டே மாற்றலாம். ஆனால் வசதி கூடும்போது உள்ளே இருக்கும் நிரல் சிக்கலானது. பழைய டெம்ப்ளேட்டை ஒரு சாதாரண ஆள் வாசித்து விளங்கலாம். புதியதை விளங்குவது கடினம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழிலிலும் நடப்பதுதான்.

2010 இல் இன்னொரு கேள்வியும் எழுந்தது. டெம்ப்ளேட் யாருக்குச் சொந்தம்?

வேர்ட்பிரஸ் ஜி.பி.எல். என்ற உரிமத்தில் வெளிவருகிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் அதிலிருந்து பிறப்பதைப் பகிரும்போது அதே உரிமையை மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கிறிஸ் பியர்சன் என்பவர் தீசிஸ் என்ற தீமை விற்று வந்தார். அதற்கு ஜி.பி.எல். பொருந்தாது, அது என் சொந்தப் படைப்பு என்றார். முல்லன்வெக் மறுத்தார். 2010 ஜூலையில் இருவரும் வெளிப்படையாக வாதாடினார்கள். அதற்கு முந்தைய வருடமே, முல்லன்வெக் கேட்டதற்கு சொப்ட்வேர் ஃபிரீடம் லோ சென்டர் என்ற சட்ட அமைப்பு ஒரு கருத்தைச் சொல்லியிருந்தது. தீமில் இருக்கும் பி.எச்.பி. நிரல் வேர்ட்பிரஸ்ஸோடு பின்னிப் பிணைந்தது, ஆகவே அதற்கு ஜி.பி.எல். பொருந்தும். சி.எஸ்.எஸ்., படங்கள் ஆகியவை தனி, அவற்றுக்குப் பொருந்த வேண்டியதில்லை. அதே ஜூலை மாதத்தில் பியர்சன் இந்தப் பிரிப்பை ஏற்றார். விசயம் நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

ஊர் மக்களுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். இந்த உரிமம் இருப்பதால்தான் பெரிய நிறுவனம் செய்த தீம் ஒன்றை எங்களூர்ப் பிள்ளை திறந்து, படித்து, மாற்றி, தன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றபடி தைத்துப் போடலாம். யாரும் கையைப் பிடிக்க முடியாது.

கடைசிக் கட்டம் 2018 டிசம்பர். வேர்ட்பிரஸ் 5.0 இல் கட்டங்களாக எழுதும் முறை வந்தது. பந்தி ஒரு கட்டம், படம் ஒரு கட்டம், பட்டியல் ஒரு கட்டம். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் குட்டன்பேர்க், ஐரோப்பாவில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த அதே மனிதரின் பெயர். 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில் எழுதும் திரையிலேயே டெம்ப்ளேட் செய்யலாம் என்றானது. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு முழுத் தளத்தின் சட்டகத்தையும் இப்படியே கட்டலாம் என்றானது. இப்போது "முன்னோர் பக்கம்" செய்ய ஒரு வரி நிரலும் வேண்டாம். அப்படிச் செய்யும் டெம்ப்ளேட் தீமின் கோப்புறையில் இல்லாமல் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால், தீமைப் புதுப்பித்தாலும் அழியாது. எனக்கு நடந்தது இன்றைய பிள்ளைகளுக்கு நடக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும். தீமையே மாற்றினால் அந்த டெம்ப்ளேட் கூட வராது. ஆகவே இடைக்கிடை ஏற்றுமதி செய்து வைக்க வேண்டும். இன்னொன்று, மௌத்தானவரின் வாழ்க்கைக் குறிப்பை டெம்ப்ளேட்டுக்குள் எழுதாதீர்கள், பதிவில் எழுதுங்கள். டெம்ப்ளேட்டில் இடத்தை மட்டும் விடுங்கள்.

இப்போது மூத்தம்மாவின் ஜனாஸா அறிவித்தலுக்குத் திரும்புவோம்.

2003 இல் வந்த மைஸ்பேஸில் மக்கள் தங்கள் பக்கத்தின் நிறத்தை, எழுத்தை, பின்னணியைக் கண்டபடி மாற்றினார்கள். சிலது கண்ணைக் குத்தும், ஆனாலும் அது அவர்களுடையது. 2004 இல் வந்த பேஸ்புக்கில் எல்லாருக்கும் ஒரே நீலமும் வெள்ளையும்தான். சட்டகத்தை நாம் தொட முடியாது. துப்புரவாக இருந்தது, எல்லாரும் வந்தோம். நானும் இதை இங்கேதானே எழுதுகிறேன். ஆனால் மனிதனுக்குத் தன் அறிவித்தல் தன் மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை போகாது. சட்டகத்தை மாற்ற விடாததால், நாம் எழுத்தையே படமாக்கினோம். பச்சைக் கரையும் பள்ளிவாசலும் வைக்க வேறு வழி இருக்கவில்லை. அந்த ஆசையில் பிழை இல்லை. ஆனால் விலை என்ன? பெயர் தேட முடியாது. திகதி தேட முடியாது. கண்பார்வை இல்லாத சகோதரரின் கைபேசி அதை ஒழுங்காக வாசித்துச் சொல்லாது. பத்து வருடத்துக்குப் பிறகு ஒரு பேரப்பிள்ளைக்கு அது கிடைக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். படம் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. படத்துக்குக் கீழே அதே விபரத்தை எழுத்தாகவும் போடுங்கள். முழுப் பெயர், வாப்பா பெயர், வீதி, மௌத்தான திகதி, அடக்கம் செய்த மையவாடி. ஐந்து வரி. இன்றே செய்யலாம்.

இரண்டாவது, நான் ஊருக்கென்று ஒரு சின்னத் தளத்தை ஆரம்பித்திருக்கிறேன். அதில் "ஜனாஸா அறிவித்தல்" என்று தனி டெம்ப்ளேட் ஒன்று செய்துவிட்டேன். மேலே சொன்ன ஐந்து விபரத்துக்கும் ஐந்து இடம். நிரப்பினால் போதும், பச்சைக் கரை தானாக வரும். ஒரு காலத்தில் கரையின் நிறம் பிடிக்காவிட்டால் ஒரு இடத்தில் மாற்றுவோம், எல்லா அறிவித்தலும் மாறும். பெயர்கள் அசையாது. இப்போதைக்கு அதில் முதலாவதாக இருப்பது கட்டார் ராத்தாவின் மூத்தம்மாதான். அவருடைய பெயரை நேற்றுத் தேடல் பெட்டியில் அடித்துப் பார்த்தேன். உடனே வந்தது. ராத்தாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அழுதுகொண்டே துஆச் செய்திருந்தார்.

பழைய அறிவித்தல் படங்களை எழுத்தாக மாற்ற ஆள் வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், தமிழ் தட்டச்சுத் தெரிந்த ராத்தாமார், காக்காமார் யாராக இருந்தாலும் வரலாம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். டெம்ப்ளேட் எப்படிச் செய்வது என்று படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் அன்றே காட்டித் தருகிறேன். மடிக்கணினி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாருங்கள். தேத்தண்ணி இருக்கும்.